அணைய மறுத்த சிவப்பு விளக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, துவாஸில் உள்ள ஒரு கார் பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மாமாவின் மோரிஸ் மைனர் கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. 1962-இல் செய்யப்பட்ட கார். மாமாவுக்கு அது பிள்ளை மாதிரி. சிங்கப்பூரில் 35 வயதைத் தாண்டிய கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள்தான் சாலைக்குக் கொண்டுவர முடியும். அப்படிக் கிடைக்கும் நாள்களில் கார் பாதி வழியில் நின்றுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

பிரச்சினை இதுதான். காரின் பழைய டைனமோவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் பொருத்தியிருந்தார் மாமா. முதல் சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு இன்ஜினைக் கிளப்பிய பின்னும் முகப்புப் பலகையில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு அணையவில்லை. பேட்டரியும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கிப் பொருத்தினார். அதே விளக்கு, அதே எரிச்சல். மூன்றாவது ஒன்று வாங்கலாமா என்ற யோசனையில்தான் அன்று துவாஸுக்கு வந்திருந்தோம்.

மின்சாரப் பாடம் நடத்துகிற எனக்கே விடை உடனே பிடிபடவில்லை. உங்களுக்கு முன்கூட்டியே பிடிபடுகிறதா என்று பாருங்கள். துப்புகள் எல்லாவற்றையும் கீழே தருகிறேன்.

ஏன் டைனமோவை மாற்றினார்?

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-இல் பிரிட்டனில் அறிமுகமாகி 1971 வரை தயாரிப்பில் இருந்த கார் அது. அந்தக் காலத்தில் காரின் மின்தேவை மிகக் குறைவு. இப்போது மாமா காரில் மழை பெய்யும் ஓர் இரவில் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டேன். முன்விளக்குகள் இரண்டும் சேர்த்து 110 வாட். பின்விளக்கு, எண் பலகை விளக்கு போன்றவை 30 வாட். பிரேக் விளக்குகள் 42 வாட். வைப்பர் 30 வாட். இன்ஜினில் பொறி உண்டாக்கும் சுற்றுக்கு 40 வாட். மொத்தம் 252 வாட். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் அல்லவா? 252-ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் 21 ஆம்பியர்.

அந்தக் காரில் பொருத்தப்பட்டிருந்த லூகாஸ் சி40 டைனமோ தரக்கூடிய உச்ச மின்னோட்டம் 22 ஆம்பியர். கைப்பேசியை சார்ஜ் செய்ய ஒரு 20 வாட் கருவியைச் செருகினாலே எல்லை தாண்டிவிடும். அதைவிட மோசமான விஷயம், அந்த 22 ஆம்பியர் கார் நல்ல வேகத்தில் போகும்போதுதான் கிடைக்கும். இரண்டாம் இணைப்புப் பாலத்துக்குப் போகும் வழியில், ஏயிஇ விரைவுச்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். டைனமோ ஏறக்குறைய எதுவுமே தராது. முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழும். 40 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் பாதி காலி.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

1831-இல் மைக்கல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இரண்டுக்கும் அடிப்படை. கம்பிச்சுருளைக் கடந்து செல்லும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவு மின்னழுத்தம். சுருள் சுழன்றாலும் சரி, காந்தம் சுழன்றாலும் சரி, விளைவு ஒன்றே.

டைனமோவில் காந்தம் நிற்கும், மின்சாரம் உண்டாகும் சுருள் சுழலும். சுழலும் சுருளில் உண்டாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பேட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் மின்சாரம்தான் வேண்டும். ஆகவே சுருளின் முனையில் செப்புத் துண்டுகளாலான திசைமாற்றி ஒன்று இருக்கும். அதன்மேல் கரித்தூரிகைகள் உரசிக்கொண்டு, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இணைப்பைப் புரட்டிப் போடும். டைனமோ தரும் முழு மின்னோட்டமும் அந்தத் தூரிகைகள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கனமான சுருளையும் செப்புத் துண்டுகளையும் மிக வேகமாகச் சுழற்றினால் அவை பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் டைனமோவை அதிக வேகத்தில் சுழலவிட முடியாது. மெதுவாகச் சுழல்வதால்தான் நெரிசலில் அது கைவிட்டுவிடுகிறது.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. இங்கே சுழல்வது காந்தம். சரியாகச் சொன்னால் மின்காந்தம். இரண்டு வழுவழுப்பான வளையங்கள் வழியாக அதற்கு 3 ஆம்பியர் அளவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும். பெரிய மின்னோட்டம் உண்டாகும் மூன்று தொகுதிச் சுருள்களும் வெளிக்கூட்டில் அசையாமல் இருக்கும். தூரிகைகளுக்கு வேலை குறைவு, சுழலும் பகுதி உறுதியானது. சிறிய கப்பியைப் பொருத்தி அதிக வேகத்தில் சுழற்றலாம். இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் கணிசமான மின்சாரம் வரும்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் முதலிலேயே காரில் வைக்கவில்லை? மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசையாக்கும், சிறிய, மலிவான, சூட்டைத் தாங்கும் பொருள் அப்போது இல்லை. சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான் வழி திறந்தது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான பாகமாகவே பொருத்தியது. மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. சென்னையில் பாடி பக்கம் போயிருப்பவர்களுக்கு 'லூகாஸ்' பேருந்து நிறுத்தம் தெரிந்திருக்கும். 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் ஆலை அங்கேதான் இருக்கிறது. டைனமோவும் ஆல்டர்னேட்டரும் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அவ்வளவு பழக்கமான சொற்களானதில் அந்த ஆலைக்கும் பங்கு உண்டு.

கம்பி இணைப்பில் கவனிக்க வேண்டியவை

மாமாவின் காரில் இருப்பது லூகாஸ் 17ஏசிஆர் வகை. உச்ச மின்னோட்டம் 36 ஆம்பியர். உள்ளேயே டயோடுகளும், மின்னழுத்தத்தை 14.2 வோல்ட் அளவில் நிறுத்தும் ஒழுங்குபடுத்தியும் இருக்கின்றன. டைனமோவுக்குத் துணையாக இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இனி வேலை இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் திசை. இந்தக் காலக் கார்களில் பேட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். 1962-இல் வந்த மோரிஸ் மைனரில் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. டைனமோவுக்கு இது பொருட்டல்ல. டயோடு அப்படி இல்லை. அது ஒருவழிக் கதவு. பேட்டரியைத் திருப்பி இணைத்தால் கதவு முழுவதும் திறந்து, தடுக்க எதுவுமில்லாமல் மின்னோட்டம் பாய்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் டயோடுகள் எரிந்துவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் பொருத்துமுன் பேட்டரி இணைப்பை மாற்ற வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். பேட்டரியைத் திருப்பினால் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றாதா? சுற்றாது! ஃபிளெமிங்கின் இடக்கை விதியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றினால் விசையின் திசை மாறும். இந்த மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப்புலமும் சுருளிலிருந்தே வருகிறது. மின்னோட்டம் திரும்பும்போது காந்தப்புலமும் சேர்ந்து திரும்புகிறது. இரண்டும் மாறினால் விசை பழைய திசையிலேயே இருக்கும். நிலைக்காந்தம் உள்ள சிறு மின்விசிறியை அந்தக் காரில் வைத்திருந்தால் அது மட்டும் தலைகீழாகச் சுற்றும். பட்டறையில் இதை விளக்கிச் சொன்னபோது மெக்கானிக் சிரித்தார். விதியின் பெயர் தெரியாமலேயே அவர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை அது.

அடுத்தது கம்பியின் பருமன். பேட்டரிக்குப் போகும் பழைய பழுப்புக் கம்பி 22 ஆம்பியருக்காகப் போடப்பட்டது. அதன் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் வெளிப்படும் வெப்பத் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. 22 ஆம்பியருக்கு 9.7 வாட். 36 ஆம்பியருக்கு 25.9 வாட். மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆனது, வெப்பமோ இரண்டரை மடங்குக்கும் மேல். மேலுறை உருகித் தீப்பிடிப்பது இப்படித்தான். மாமாவின் காரில் தடித்த கம்பி போட்டிருந்தார்கள். அதில் குறை இல்லை.

மூன்றாவது, பழுப்பில் மஞ்சள் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஆல்டர்னேட்டரின் சிறிய முனையிலிருந்து சிவப்பு விளக்குக்குப் போவது. அதுவும் சரியாகவே இணைக்கப்பட்டிருந்தது.

மெக்கானிக் செய்த சோதனை

"அண்ணே, ஒரு நிமிஷம் வண்டியைக் கிளப்புங்க" என்றார் மெக்கானிக். இன்ஜின் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். 12.3 வோல்ட். சார்ஜ் ஏறவில்லை. பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தி இன்ஜினை நன்றாக உறுமவிடச் சொன்னார். சட்டென்று விளக்கு அணைந்தது! மீட்டரில் 14.2 வோல்ட். வேகத்தைக் குறைத்த பிறகும் விளக்கு அணைந்தே இருந்தது. இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பினால், விளக்கு மறுபடி எரிந்தது.

ஆக, ஆல்டர்னேட்டரில் கோளாறு இல்லை. அப்படியானால் எதில்?

"இந்த பல்பை எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார் மெக்கானிக். மாமா யோசித்தார். பேட்டரிக்குச் சுமை குறையட்டும் என்று முகப்புப் பலகையின் பல்புகளை எல்லாம் சில மாதங்களுக்கு முன் எல்இடிகளாக மாற்றியிருந்தார். சார்ஜ் விளக்கையும் சேர்த்து. தொல்லை தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆல்டர்னேட்டரில் சுழல்வது மின்காந்தம் என்று மேலே சொன்னேன். மின்சாரம் கொடுத்தால்தான் அது காந்தம். இன்ஜின் கிளம்பும் முன், அது இன்னும் எதையும் உற்பத்தி செய்யாத நிலையில், அதற்கு முதல் மின்சாரத்தை யார் கொடுப்பது? பேட்டரி. எந்த வழியாக? அந்தச் சிவப்பு விளக்கின் வழியாக!

சாவியைத் திருப்பியதும் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, விளக்கைக் கடந்து, மெல்லிய கம்பி வழியே சுழலும் மின்காந்தச் சுருளுக்குப் போய், காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. விளக்கும் சுருளும் தொடரிணைப்பில் இருக்கின்றன. பழைய இழை பல்பு 2.2 வாட். மின்னழுத்தத்தின் வர்க்கமான 144-ஐ 2.2-ஆல் வகுத்தால் அதன் மின்தடை சுமார் 65 ஓம். சுருளின் மின்தடை சுமார் 4 ஓம். மொத்தம் 69 ஓம். 12 வோல்ட்டை 69-ஆல் வகுத்தால் 0.17 ஆம்பியர். (ஒழுங்குபடுத்தியில் ஏற்படும் சிறு இழப்பை விட்டுவிட்டேன்.) 12 வோல்ட்டில் 11.3 வோல்ட் விளக்கின் பங்கு. அதனால் விளக்கு நன்றாக எரிகிறது. சுருளுக்கு மிஞ்சுவது 0.7 வோல்ட்தான். ஆனாலும் அந்த 0.17 ஆம்பியர் சுருளைக் காந்தமாக்கப் போதும். அது சுழலத் தொடங்கியதும் வெளிச்சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி தனியாக உள்ள மூன்று சிறு டயோடுகள் வழியே அதே மின்காந்தத்துக்குத் திரும்புகிறது. காந்தம் வலுக்கிறது, மின்சாரம் கூடுகிறது, காந்தம் மேலும் வலுக்கிறது. ஒரு நொடிக்குள் ஆல்டர்னேட்டர் தன் காலில் நிற்கத் தொடங்கிவிடும்.

எல்இடி வழியாகப் பாய்வது சுமார் 0.01 ஆம்பியர்தான். பதினேழில் ஒரு பங்கு. அதனால் காந்தம் எழவில்லை. இன்ஜினை உறுமவிட்டபோது மட்டும் ஏன் வேலை செய்தது? இரும்பில் முன்பு ஏறிய காந்தத்தன்மை கொஞ்சம் மிச்சமிருக்கும். மிக வேகமாகச் சுழலும்போது, அந்த மிச்சமே டயோடுகளின் கதவைத் தள்ளித் திறக்கப் போதுமான மின்னழுத்தத்தைத் தூண்டிவிட்டது.

டைனமோ இருந்த காலத்தில் இந்த விளக்கு வெறும் சாட்சிதான். அது எரிந்துபோனாலும் டைனமோ பாட்டுக்கு வேலை செய்யும். மாமாவின் அனுபவம் முழுக்க டைனமோவோடு. ஆல்டர்னேட்டர் கெட்டதாகப் புகார் சொன்ன விளக்கே இங்கே குற்றவாளி என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

விளக்கு ஏன் அணைகிறது?

ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் விளக்கை அணைக்க எந்தச் சுவிட்சும் இல்லை. பிறகு எப்படி அணைகிறது? விளக்கின் ஒரு முனையில் பேட்டரியின் 14 வோல்ட். இப்போது மறுமுனையிலும் ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட். இரு பக்கமும் சமமாகிவிட்டதால் மின்னழுத்த வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லாவிட்டால் மின்னோட்டமும் இல்லை. 14 வோல்ட்டின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு விளக்கு இருட்டாக இருக்கிறது. "வோல்ட் இருந்தால் கரண்ட் பாயும்" என்று தேர்வில் எழுதும் மாணவர்களுக்கு இனி இந்த விளக்கைத்தான் காட்டப் போகிறேன்.

இதை வீட்டில் பாதுகாப்பாகச் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான, புதிய 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, டார்ச் விளக்கின் சிறிய இழை பல்பு ஒன்று, கொஞ்சம் கம்பி போதும். இரு மின்கலங்களின் எதிர்முனைகளையும் ஒரு கம்பியால் இணையுங்கள். இரு நேர்முனைகளுக்கு இடையில் பல்பை இணையுங்கள். மின்கலங்கள் இரண்டு இருந்தும் பல்பு எரியாது. இப்போது ஒரு மின்கலத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கம்பியால் நிரப்புங்கள். மின்கலம் ஒன்று குறைந்ததும் பல்பு எரியும்! எடுத்த மின்கலம்தான் சுழலும் ஆல்டர்னேட்டர், நிரப்பிய கம்பிதான் நின்றுபோன ஆல்டர்னேட்டர்.

கார் பேட்டரியில் மட்டும் இந்தச் சோதனைகள் வேண்டாம். அதன் முனைகளுக்கு இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகமே சிவக்கும். இன்னொன்று, ஆல்டர்னேட்டர் உள்ள காரில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது. டைனமோ காலத்தில் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கச் சிலர் அப்படிச் செய்வார்கள். இப்போது செய்தால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட்டுக்குத் தாவி டயோடுகளைச் சாகடித்துவிடும்.

துவாஸில் இன்னொரு ஆல்டர்னேட்டர்

பட்டறையில் மோரிஸ் மைனரை முடுக்கிப் பார்த்த அதே துவாஸில்தான் துவாஸ் மின் நிலையமும் இருக்கிறது. அங்கே இயற்கை எரிவாயுவால் சுழலும் பெரிய மின்னாக்கிகளும் ஆல்டர்னேட்டர்கள்தாம். சுழலும் மின்காந்தம், அதைச் சுற்றி அசையாத மூன்று தொகுதிச் சுருள்கள், அதே அமைப்பு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. ஓரிணைக் காந்த முனைகள் கொண்ட மின்னாக்கி அதற்காக நொடிக்குச் சரியாக 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல வேண்டும். மாமாவின் ஆல்டர்னேட்டரில் ஆறு இணை முனைகள். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால் அதிர்வெண் எவ்வளவு? நொடிக்கு 100 சுற்று, ஆறு இணைகள், ஆக 600 ஹெர்ட்ஸ். டயோடுகள் ஒருதிசையாக்கிவிடுவதால் காரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மின் நிலையத்தின் மின்காந்தத்துக்கும் முதல் மின்சாரத்தை வேறு எங்கிருந்தோ கொடுத்தாக வேண்டும். அங்கே அதற்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. மாமாவின் காரில் ஒரு 2.2 வாட் பல்பு.

மெக்கானிக் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய இழை பல்பை எடுத்துச் செருகினார். சாவியைத் திருப்பியதும் எரிந்தது. இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது. ஆனால் மாமாவுக்கு எல்இடியின் பளிச்சென்ற சிவப்புதான் பிடித்திருந்தது. "அப்படின்னா எல்இடிக்குப் பக்கத்துலயே ஒரு 68 ஓம் மின்தடையைப் பக்க இணைப்பா போட்டுடலாம் அண்ணே. கரண்ட் அது வழியாப் போயிடும்" என்றார் மெக்கானிக். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதே, கொண்டுவந்து தருகிறேன் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "அது எத்தனை வாட், டீச்சர்?" என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் இருப்பது கால் வாட். சாவி திருப்பியபடி இருக்கும்போது அந்த மின்தடையில் எத்தனை வாட் வெப்பம் வெளிப்படும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அவர் ஏன் சிரித்தார் என்பது புரியும்.